ஷார்ட் ஸ்கேல் பேஸ் அப்கிரேட்: பில்லில் ஒன்று, உள்ளே வேறொன்று

30 அங்குல ஷார்ட் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம் குறைந்த) பேஸ் கிட்டார் ஒன்றுக்குப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) முதல் டியூனர் (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணி) வரை எல்லாம் மாற்றித் தருவதாக ஒரு பட்டறை வேலை எடுத்தது. பில்லில் இருந்தவை: கையால் சுற்றிய அல்னிகோ 5 (ஒரு காந்த உலோகக் கலவை) ஸ்ப்ளிட் (இரு பாதிகளாகப் பிரிந்த) பிக்கப், முழுப் பித்தளை பிரிட்ஜ் (கம்பிகளை உடலில் தாங்கும் பாகம்), நான்கு டியூனர், 250 கே (கிலோ ஓம்) பாட் (வால்யூம், டோன் திருகும் மின்தடை) இரண்டு, 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், புதுக் கம்பி, செட்டப் (கம்பி உயரமும் சுருதியும் சரிசெய்வது). முகப்புத் தகடான பிக்கார்டைக் கழற்றிப் பார்த்தால், சொன்னபடி இருந்தது டியூனர் மட்டும்தான். அதைப் பொருத்திய லட்சணத்தைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் பிக்கப். இந்த வகை ஸ்ப்ளிட் பிக்கப்பில் அல்னிகோ என்று விற்றால், மேலே தெரியும் ஒவ்வொரு உருளையும் தனித்தனிக் காந்தமாக இருக்கும். அடியில் வெறும் தட்டுதான். இதைத் திருப்பினால் இரண்டு பாதியிலும் அடியில் கறுப்பாக ஒரு செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருந்தது. மேலே இருந்தவை வெறும் இரும்புத் துண்டுகள். செராமிக் மட்டம் என்று சொல்லவில்லை, நன்றாகச் சுற்றினால் அதுவும் அருமையாகப் பேசும். ஆனால் அல்னிகோவின் காசு வாங்கிக்கொண்டு செராமிக் வைப்பது மோசடி.

அதைவிடப் பெரிய கோளாறு வயரிங்கில். ஸ்ப்ளிட் பிக்கப்பின் இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் சேர வேண்டும், காந்த முனைகளும் எதிரெதிராக இருக்க வேண்டும். அப்போதுதான் ஹம் (கரண்டால் வரும் இரைச்சல்) ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். இங்கே ஒரு பாதியின் வயரை மாற்றிப் பற்றவைத்திருந்தார்கள். வாசிக்கும்போது இது காதில் படாது. ஈ, ஏ கம்பிகள் ஒரு பாதியின் மேலும் டி, ஜி மற்றதன் மேலும் போவதால் சத்தம் குறையாது. ஹம் மட்டும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) போல நிற்கும். கேட்டதற்குப் பட்டறை சொன்ன பதில், "உங்க வீட்டு கரண்ட் சரியில்லை." சரிசெய்ய, ஒரு பாதியின் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் போதும். முனைகள் எதிரெதிராக இருக்கின்றனவா என்பதை ஒரு சாதாரணத் திசைகாட்டியை அருகில் கொண்டுபோனாலே முள் காட்டிவிடும்.

கம்பியைத் தொட்டாலும் ஹம் அடங்காததற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருந்தது. பிரிட்ஜுக்கு அடியில் போக வேண்டிய எர்த் வயரே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மற்றதை கேபிள் செருகும் ஜாக்கின் வெளி உலோகத்திலும் வைத்தால் கிட்டத்தட்ட சுழி ஓம் வர வேண்டும். வரவில்லை என்றால் வயர் அறுந்திருக்கும், அல்லது பெயிண்டின் மேல் உட்கார்ந்திருக்கும்.

பட்டறையை விட்டுக் கிளம்பும் முன், பேஸைத் திறக்காமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். 10.6 கிலோ ஓம் பிக்கப்பும் 250 கே வால்யூம் பாட்டும் இருந்தால் சுமார் 10.2 வரும். 250-ஐ ஒட்டிய எண் வந்தால் காயில் அறுந்திருக்கிறது, மீட்டர் பாட்டை மட்டும் படிக்கிறது. பாதி எண் வந்தால் ஒரு பாதி ஷார்ட் ஆகியிருக்கலாம். இந்தப் பேஸில் அளவு சரியாகவே வந்தது, அதனால் மட்டும் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே இருந்த பாட்களின் முதுகில் பி500கே என்று அச்சு. கெப்பாசிட்டரில் 104, அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 0.047 என்றால் 473 என்று இருக்கும். பி என்பது லீனியர், அதாவது திருப்பும் அளவுக்கு நேர் விகிதத்தில் மின்தடை மாறுவது. வால்யூமுக்கு அதைப் போட்டால் பாதி தூரம் திருப்பும் வரை பெரிதாக எதுவும் நடக்காது, கடைசியில் மடமடவென்று இறங்கும். பாட் முதுகில் இருந்த சால்டர் மங்கலாக, மணிமணியாக நின்றது. 25 வாட் ஊசிமுனை அயர்னால் அவ்வளவு உலோகத்தைச் சூடேற்ற முடியாது; தட்டை முனையோடு 40 முதல் 60 வாட் வேண்டும்.

பிரிட்ஜ் பித்தளையா என்று காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது. அடிப்பக்கம், ஸ்க்ரூ ஓட்டையின் உள்விளிம்பில் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. இதில் சாம்பல் நிறம்.

உலோகம்கூடப் போகட்டும், உட்கார்த்திய இடமே தப்பு. 30 அங்குலம் என்றால் 762 மில்லிமீட்டர். கழுத்தின் மேல்முனையில் கம்பி தங்கும் நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் பதித்த 12-ஆவது உலோகக் கட்டைக்கு) 381. ஜி சாடில் (பிரிட்ஜில் ஜி கம்பி உட்காரும், முன்பின் நகர்த்தக்கூடிய துண்டு) 762-ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கும்படியும், தடித்த ஈ கம்பிக்கு இன்னும் சில மில்லிமீட்டர் பின்னால் போக இடம் மிஞ்சும்படியும் பிரிட்ஜை வைக்க வேண்டும். ஷார்ட் ஸ்கேலில் ஈ சாடில் நிறையவே பின்னால் கேட்கும். இவர்கள் பழைய ஓட்டைகளிலேயே புதுப் பிரிட்ஜை முடுக்கிவிட்டார்கள். ஈ சாடிலின் ஸ்பிரிங் முழுதாக நசுங்கிய பிறகும் 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியே நின்றது. பழைய ஓட்டைகளில் கடின மரக் குச்சியைப் பசையோடு இறக்கி, காய்ந்தபின் புது இடத்தில் துளையிடுவதே வழி.

கம்பி விஷயம் இன்னும் மோசம். வழக்கமான நீளப் பேஸுக்கான 34 அங்குல செட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். கம்பி மெலிய வேண்டிய பகுதி வெட்டில் போய்விட்டதால், ஈ கம்பி முழுத் தடிமனோடு டியூனர் தண்டைச் சுற்றி முறுகிக் கிடந்தது. சத்தம் செத்துப்போனதற்கு அதுவே காரணம். ஷார்ட் ஸ்கேல் செட்டே வாங்க வேண்டும். வாங்கும் முன் பிரிட்ஜில் கம்பியின் குண்டுமுனை மாட்டும் இடத்திலிருந்து நட் வரை அளந்து, முழுத் தடிமன் நீளம் அதைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று: அதே தடிமன், அதே சுருதி என்றால் 30 அங்குலத்தில் இழுவிசை 34-ஐவிட ஏறக்குறைய 22 சதவீதம் குறைவு. தொளதொளவென்று இருந்த கம்பி ஃப்ரெட்டில் தட்டியதும், செட்டப் என்ற பெயரில் சாடில்களைத் தூக்கிவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு படி தடித்த செட் போட்டிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் திருத்திவிடலாம். டியூனர் ஓட்டைகளைத்தான் பழையபடி ஆக்க முடியாது. ரீமரால் சிறுகச் சிறுக அகலப்படுத்த வேண்டியதை டிரில்லால் குடைந்து, ஹெட்ஸ்டாக்கின் (டியூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) பெயிண்டைப் பெயர்த்து, டியூனர் தண்டைச் சுற்றி இருக்கும் ஆடிய புஷ்களைப் பசை ஊற்றி நிறுத்தியிருந்தார்கள். பழைய டியூனர்களைத் திரும்ப மாட்டலாம் என்றால் அவையும் கையில் இல்லை, "குப்பையில் போட்டுட்டோம்" என்றார்கள். கழற்றும் பாகங்கள் அத்தனையும் திருப்பித் தரப்படும் என்று வேலை கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்குங்கள். ஹெட்ஸ்டாக்கையும் பிக்கப் குழியையும் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள்.