கோட்டெக் டிரைவ்: பழைய 486இல் மூன்றாவது ஃபிளாப்பியாக மாட்டிப் பார்த்தது

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கோட்டெக் நல்ல பொருள், வாங்கலாம். ஆனால் அதற்கு இடம் வேண்டும் என்று பழைய டிரைவைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கோட்டெக் உங்கள் ஃபிளாப்பியைப் படிக்காது. அதில் ஃபிளாப்பி போடவே வாய் கிடையாது, பென் டிரைவ் மட்டும்தான் போகும். பென் டிரைவில் இருக்கும் இமேஜ் ஃபைலை (ஒரு ஃபிளாப்பியின் முழு நகல்), கம்ப்யூட்டரிடம் "இதுதான் ஃபிளாப்பி" என்று காட்டுவது அதன் வேலை. இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கிவிட்டு ஏமாந்ததாகச் சொல்பவர்களைப் பார்க்கிறேன்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரசீது புத்தகம். தமிழும் மலையாளமும் அடிப்போம். வேலைக்குப் புது கம்ப்யூட்டர் இருக்கிறது. அதோடு பழைய ஆபரேட்டிங் சிஸ்டமான டாஸ் 6.22 ஓடும் ஒரு 486 கம்ப்யூட்டரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பழைய ஃபிளாப்பியைப் படித்துக் கொடுக்க இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்து வேறு ஆள் இல்லை. பள்ளிக்கூட ஆண்டு மலர், சங்கத்துக் கணக்கு, குடும்ப வரலாறு என்று எதையாவது கொண்டுவருவார்கள். ரிட்டயரான தமிழ் மாஷ் (வாத்தியார்) ஒருவர் தன் அப்பா எழுதிய பாட்டுகளை 5.25 இஞ்ச் ஃபிளாப்பிகளில் கொண்டுவந்து, "தம்பி, வேற நகல் கிடையாது, பார்த்து எடுங்க" என்று மேசையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் ஒரு டிரைவை வைத்துக்கொண்டு ஓட்டுவது போதாது என்று தோன்றியது.

எனக்கு வேண்டியது மூன்று: 5.25 இஞ்ச் 1.2 எம்பி டிரைவ், 3.5 இஞ்ச் 1.44 எம்பி டிரைவ், அப்புறம் கோட்டெக். சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்து 486இல் டிரைவை இயக்கும் கன்ட்ரோலரும், கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் பயாஸும் ஏ, பி என்று இரண்டைத்தான் ஏற்கும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கன்ட்ரோலர் கார்டில் நான்கு மாட்டலாம். உள்ளே இரண்டு, பின்பக்கம் 37 பின் கனெக்டர் வழியாக வெளியே இரண்டு. பின்னால் ஐபிஎம்மின் ஏடி மாடல் வந்தபோது அதை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள்.

மாட்டுவதற்கு முன் கேபிளைப் புரிந்துகொள்ள வேண்டும், பாதி வேலை அதில்தான். 34 கம்பி ரிப்பன் கேபிள். சிவப்புக் கோடு போட்ட ஓரம் ஒன்றாம் பின். கடைசி கனெக்டருக்கு முன்னால் 10 முதல் 16 வரை உள்ள கம்பிகள் முறுக்கித் திருப்பப்பட்டிருக்கும். அந்த முறுக்குக்குப் பிறகு வரும் டிரைவ் ஏ, முன்னால் இருப்பது பி. இந்த ஏற்பாட்டினால் எல்லா டிரைவிலும் ஜம்பரை (எத்தனையாவது டிரைவ் என்று சொல்லும் சின்னச் செருகி) ஒரே மாதிரி, இரண்டாவது டிரைவ் என்றே வைத்துவிடலாம். கோட்டெக்கில் அது எஸ்1. பழைய 5.25 டிரைவில் கேபிளின் முனையில் சைகை எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேட்டர் ரெசிஸ்டர் இருக்கும், அது கேபிளின் கடைசி டிரைவில் மட்டும்தான் இருக்க வேண்டும். அதனால் 1.2 எம்பி டிரைவைக் கடைசியில் ஏ ஆகப் போட்டேன்.

பி என்ற ஒரே எழுத்தை 3.5 டிரைவுக்கும் கோட்டெக்குக்கும் பங்கிட்டுக் கொடுத்தேன். இரண்டும் 1.44 எம்பி என்பதால் பயாஸில் எதையும் மாற்ற வேண்டாம். கேபிளின் நடுவில் இன்னொரு 34 பின் கனெக்டரை அழுத்திப் பொருத்தி, 12ஆம் கம்பியையும் 16ஆம் கம்பியையும் ஆறு கால் டாகிள் ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோனேன். 12 டிரைவைத் தேர்ந்தெடுப்பது, 16 மோட்டாரைச் சுற்ற வைப்பது. ஸ்விட்ச் எந்தப் பக்கமோ அந்த டிரைவ் மட்டும் பேசும். கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடினால் 5.25 டிரைவும் பெரிய கனெக்டரோடு கேபிளும் இன்னும் சில நேரம் கிடைக்கின்றன. கோட்டெக்கை ஆன்லைனில் வாங்கினேன்.

ஸ்விட்ச் போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். ஃபிளாப்பி மாறியதா என்று டாஸ் தெரிந்துகொள்வது 34ஆம் பின்னில் வரும் சைகையை வைத்து. நாம் ஸ்விட்சைத் திருப்பினால் அந்தச் சைகை வராமல் போகலாம். ஃபைல் பட்டியலைக் கேட்டு டிர் என்று அடித்தால் முந்தைய டிரைவின் பட்டியலே வரும். அந்த நிலையில் எழுதினால் ஃபிளாப்பியின் ஃபைல் அட்டவணை பாழாகிவிடும். எனவே ஸ்விட்சைத் திருப்பியதும் ஃபிளாப்பியை ஒரு தடவை எடுத்துத் திரும்பப் போடுங்கள். கோட்டெக்கில் இமேஜை வெளியே எடுத்து மறுபடி தேர்ந்தெடுங்கள். இதே 34ஆம் பின்னை வேறு வகைக் கம்ப்யூட்டர்கள் "தயார்" என்று சொல்ல வைத்திருக்கின்றன. அதனால் கோட்டெக்கில் ஏற்றும் ஃபிளாஷ்ஃபிளாப்பி மென்பொருளின் (அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்) எஃப்எஃப்.சிஎஃப்ஜி ஃபைலில் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் ஐபிஎம்பிசி என்று எழுதிவிட வேண்டும். கோட்டெக்கில் உள்ள ஜேசி ஜம்பரைப் போட்டாலும் அதே வேலை நடக்கும்.

ஃபிளாஷ்ஃபிளாப்பி என்பது கீர் ஃபிரேசர் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள். அது ஏற்றிய கோட்டெக்கையே வாங்குங்கள். கம்பெனி ஃபர்ம்வேரில் பென் டிரைவைத் துண்டு துண்டாகப் பிரித்து நம்பர் போட்டு வைக்க வேண்டும், அதற்குத் தனி மென்பொருளும் வேண்டும். ஃபிளாஷ்ஃபிளாப்பியில் பென் டிரைவை ஃபேட்32ஆக ஃபார்மேட் செய்து ஐஎம்ஜி ஃபைல்களைச் சும்மா காப்பி செய்தால் போதும். 1.44 எம்பி இமேஜ் என்றால் 14,74,560 பைட். 720, 360 கேபி இமேஜ்களையும் அளவை வைத்தே கண்டுகொள்கிறது. இன்னொன்று, மூன்று எண் மட்டும் காட்டும் மாடலை விட்டுவிட்டு, சின்ன ஓலெட் திரையும் திருகும் குமிழும் உள்ளதை வாங்குங்கள். "027" என்று பார்த்தால் யாருடைய ஃபிளாப்பி என்று எப்படித் தெரியும்? திரையில் பெயரே வருகிறது.

பவர் விஷயத்தில் தொந்தரவு இல்லை. 5 வோல்ட் மட்டும் போதும், சின்ன நாலு பின் கனெக்டர்.

குறை என்று சொன்னால் சத்தமின்மை. நிஜ டிரைவில் ஒரு செக்டர் (ஃபிளாப்பியின் ஒரு சிறு பகுதி) படிக்கவில்லை என்றால் படிக்கும் ஹெட் திரும்பத் திரும்பப் போய்வரும் சத்தம் கேட்கும், உடனே கை நிறுத்தப் போகும். கோட்டெக் ஊமை. தனியாகச் சின்ன ஸ்பீக்கர் சேர்த்தால் ஹெட் நகரும் சத்தத்தைப் போலியாகக் கொடுக்கும் வசதி இருக்கிறது, நான் சேர்க்கப்போகிறேன்.

மாஷின் ஃபிளாப்பிகள் 360 கேபி. அவற்றை 1.2 எம்பி டிரைவ் நன்றாகப் படிக்கும், ஆனால் எழுதக் கூடாது. அதன் ஹெட் போடும் தடம் ஒடுக்கம், பிறகு 360 டிரைவில் படிப்பது சந்தேகம். அதனால் உறையின் ஓர வெட்டில் காகிதம் ஒட்டி மூடிய பிறகுதான் உள்ளே விட்டேன். கேரளத்தில் மழை குறைந்த பக்கம் எங்களுடையது. இருந்தும் இரண்டு ஃபிளாப்பியில் பூஞ்சை. அவற்றைத் துடைக்காமல் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்ததையும் கீறிவிடும். இரு டிரைவின் வகை வேறு என்பதால், முழு ஃபிளாப்பியையும் அப்படியே நகலெடுக்கும் டிஸ்க்காப்பி கட்டளை நடக்காது. ஃபைல்களை நகலெடுக்கும் எக்ஸ்காப்பி கட்டளையில் ஏயிலிருந்து பிக்கு, அதாவது நேரே பென் டிரைவில் உள்ள இமேஜுக்குள் போய்விட்டது. அந்தப் பென் டிரைவைப் புது கம்ப்யூட்டரில் செருகி வேலையைத் தொடர்ந்தேன். எழுத்துகள், சி-டாக் என்ற அரசு நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டு காலத்து இஸ்கி என்ற இந்திய மொழிக் குறியீட்டில் இருந்தன, யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்; அது தனி வேலை.

டாஸ் கேம் விளையாட மட்டும் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு கோட்டெக் ஒன்றே போதும், ஸ்விட்சும் வேண்டாம். அடுத்தவர் ஃபிளாப்பியைக் கையில் வாங்குகிறவர்கள் மூன்றையும் மாட்டுங்கள். ஸ்விட்சின் இரு பக்கத்திலும் எது எந்த டிரைவ் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.