நெல் குலை நோய்க்குச் சூடோமோனாஸ் தூள்: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

வேலூர்ப் பக்கத்தில் சம்பா நெல் வைத்திருப்பவர்கள் மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் இலைகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். இரவுக் குளிரோடு, காலையில் வெகுநேரம் காயாத ஈரமும் சேர்ந்தால், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட கண் வடிவப் புள்ளிகளாக, பூஞ்சையால் வரும் குலை நோய் தலைகாட்டும். தழைச்சத்து மிகுந்த வயலில் அது இன்னும் வேகமாகப் பரவும். இதற்கு வழக்கமாகத் தெளிக்கும் டிரைசைக்ளசோல் என்னும் பூஞ்சைக் கொல்லி அரிசியில் எஞ்சியிருக்க அனுமதிக்கப்பட்ட அளவை ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. நம் நெல் கப்பல் ஏறாவிட்டாலும் நம் பிள்ளைகளின் தட்டுக்குப் போகிறது என்பதால், சில பருவங்களாக நான் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியா கலந்த டால்க் (மாக்கல்) தூளையே நம்பி வருகிறேன்.

இத்தூளின் உண்மையான பலம் விதையிலும் வேரிலும்தான் இருக்கிறது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து விதை நேர்த்தி செய்வதும், ஏக்கருக்கு ஒரு கிலோ தூளைத் தேக்கிய நீரில் கரைத்து நாற்றின் வேர்களை அரை மணி நேரம் ஊறவைத்து நடுவதும், நட்ட 30 நாளில் அதே அளவைத் தொழுவுரத்துடன் கலந்து வயலில் இடுவதும் பரிந்துரைக்கப்பட்ட முறைகள். வேரில் குடியேறும் பாக்டீரியா நோய்ப் பூஞ்சையோடு இரும்புச் சத்துக்குப் போட்டியிடுகிறது, அதை ஒடுக்கும் பொருள்களைச் சுரக்கிறது, பயிரின் எதிர்ப்புத் திறனையும் தூண்டுகிறது. குலை நோய் மட்டுமன்றி இலையுறைக் கருகலும் இதனால் மட்டுப்படுகிறது. வேர் நனைத்து நட்ட என் வயலில் தூர்கள் திடமாக நின்றதையும், அடி இலைகளில் புள்ளிகள் குறைந்திருந்ததையும் கண்கூடாகக் கண்டேன்.

தெளிப்பில் எனக்கு முழு நிறைவு இல்லை. லிட்டருக்கு 2 கிராம் கரைத்து 45-ஆம் நாளிலிருந்து தெளிக்கும்போது டால்க் அடியில் படிந்து தெளிப்பானின் மூக்கை அடைக்கிறது. மெல்லிய துணியில் வடிகட்டியே ஊற்ற வேண்டும். வெயில் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். பூச்சி மருந்தையோ பூஞ்சைக் கொல்லியையோ இதனுடன் கலக்கவே கூடாது. புள்ளிகள் வயல் முழுவதும் பரவிய பிறகு இதைத் தெளித்து அற்புதம் எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். இது வருமுன் காப்பது. பி.பி.டி. 5204 போன்று குலை நோய்க்கு எளிதில் இரையாகும் இரகத்தை நட்டு, தழைச்சத்து தரும் யூரியாவையும் குறைக்காமல், இதை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரளவு எதிர்ப்புத் திறன் கொண்ட கோ 51 போன்ற இரகத்தோடு சேர்ந்தால்தான் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்கும்.

வாங்கும் இடமும் முக்கியம். ஒரு கடையில் தயாரித்த தேதி அழிந்துபோன பொட்டலத்தை, வெயில் படும் அலமாரியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்கள், மறுத்துவிட்டேன். உயிருள்ள சரக்கு மாதக்கணக்கில் வெப்பத்தில் கிடந்தால் வெறும் டால்க்தான் மிஞ்சும். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, கிராமுக்கு உள்ள பாக்டீரியா எண்ணிக்கை ஆகிய மூன்றும் பொட்டலத்தில் தெளிவாக இருக்க வேண்டும். நாற்றுவிடும் வாரத்திலேயே, அந்தப் பருவத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். இரகம், உர அளவு குறித்த ஐயங்களை விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.