டிராக் காரின் கியர்பாக்ஸ் ஆயில் கக்கினால்: கேட்ச் கேனா, ஆழமான சம்ப்பா?

டிராக் ரேஸில், அதாவது நேர்ப்பாதை வேகப் போட்டியில், கால் மைல் ஓடி முடித்து வந்த ஆட்டோமேட்டிக் காரின் அடியில் சிவப்பாக ஆயில் சொட்டினால், எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது சீல்களைத்தான். பின் சீல் காய்ந்திருக்கும், கூலர் லைன் இறுக்கமாக இருக்கும், ஆனால் கியர்பாக்ஸின் மேல்பக்கம் மட்டும் முழுக்க நனைந்திருக்கும். அப்படியானால் ஆயில் வந்த வழி வென்ட், அதாவது பெட்டிக்குள் இருக்கும் காற்று வெளியேறும் துளை.

அந்த வென்ட்டை அடைத்துவிட்டால் போதுமே என்று யாராவது சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உள்ளே சூடேறும் காற்றுக்குப் போக்கிடம் இல்லையென்றால் அழுத்தம் முன் சீலைப் பிதுக்கும், அல்லது டிப்ஸ்டிக்கைத் தூக்கி எறியும். பல கார்களில் டிப்ஸ்டிக் குழாயின் வாய் ஹெடருக்கு, அதாவது எஞ்சினின் புகைக்குழாய்களுக்கு, பக்கத்தில்தான் இருக்கிறது. ஓட்டம் முடிந்த ஹெடரின் சூட்டில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) பற்றிக்கொள்ளும். ஹெடரில் படாமல் பின் டயரில் பட்டால் பிடிமானம் போச்சு.

ஆகவே உண்மையில் போட்டியிடும் வழிகள் மூன்று: கேட்ச் கேன் (வென்ட்டில் வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா), ஆழமான சம்ப் (பெட்டிக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி), பின்பக்கம் கூடுதலாக ஒரு வென்ட். எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் கார் எப்போது கக்குகிறது?

ஸ்டேஜிங்கில், அதாவது தொடக்கக் கோட்டில், டிரான்ஸ்பிரேக்கை (கியர்பாக்ஸையே பூட்டிக் காரை நிறுத்தி வைக்கும் அமைப்பு) பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போது கார் நகர்வதில்லை. எஞ்சின் தரும் சக்தி கிட்டத்தட்ட முழுவதும் கன்வர்ட்டருக்குள் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குத் தரும் பாகம்) சூடாக மாறுகிறது. அந்த நேரத்தில் எஞ்சின் 200 கிலோவாட் தருகிறது, 3 விநாடி பிடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 கிலோஜூல். 8 கிலோ ஆயிலின் சூடு 1 டிகிரி ஏற 16 கிலோஜூல் போதும். கன்வர்ட்டரின் இரும்பு வாங்கிக்கொள்ளும் பங்கைக் கழிக்காவிட்டால் 37 டிகிரி ஏற்றம். பர்ன்அவுட்டில் (ஓட்டத்துக்கு முன் பின்டயரைச் சுழற்றிச் சூடாக்குவது) ஏறிய சூடு இதற்கு மேல் தனி. 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும் ஆயில் சுமார் 6 சதவீதம் விரியும். 8 கிலோ என்பது ஏறக்குறைய ஒன்பதரை லிட்டர். அதில் அரை லிட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. மட்டம் அவ்வளவு உயர்ந்தால் சுழலும் டிரம்மும் பிளானட்டரி கியர்களும் ஆயிலைத் தொடும், அடித்து நுரையாக்கும். நுரைக்கு இடம் இன்னும் அதிகம் வேண்டும். வென்ட் வரை அதற்கு வேறு தடை இல்லை.

கார் பாய்ந்த பிறகு கதை வேறு. முதல் 60 அடியை 1.3 விநாடியில் கடக்கும் காரின் சராசரி முடுக்கம் 2.2 ஜி. பெட்டிக்குள் ஆயிலின் மேற்பரப்பு 65 டிகிரி சாய்ந்து பின்சுவரில் ஏறி நிற்கிறது. முடிவுக் கோடு தாண்டி 1 ஜி அளவுக்குப் பிரேக் போட்டாலோ பாராசூட் விரித்தாலோ அதே ஆயில் 45 டிகிரி சாய்வில் முன்பக்கம் பாய்கிறது. பவர்கிளைடு, டிஎச்400 என்ற இரண்டு கியர்பாக்ஸ்களிலும் வென்ட் இருப்பது முன்பக்கம், பம்ப்புக்கு அருகே மேலே. லாஞ்சில் (பாய்ந்து கிளம்பும்போது) சுத்தமாக இருந்த கார் ஓட்டத்தின் கடைசியில் கக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இனி கேட்ச் கேன். எல்லா டிராக் காரிலும் இது இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பொருத்தும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வென்ட்டில் மெல்லிய ஹோஸ் மாட்டினால் நுரை அதை அடைத்துக்கொண்டு அப்படியே மேலே தள்ளப்படும். தடித்த ஹோஸ் என்றால் காற்று நடுவே போய்விடும், ஆயில் சுவரோடு வழிந்து பெட்டிக்கே திரும்பும். அரை அங்குல உள்விட்டத்துக்குக் குறைந்து போகாதீர்கள். ஹோஸ் தொடர்ந்து மேல்நோக்கியே ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் ஆயில் தேங்கும், வென்ட்டை நீங்களே அடைத்த கணக்குதான். கேனின் மூடியில் காற்று வெளியேற பிரீதர் கட்டாயம்.

கேன் செய்யாத வேலை ஒன்று உண்டு. அது நோயைத் தீர்க்காது, ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த வாளி. கேனில் சேர்ந்த ஆயில் பெட்டியில் குறைந்த ஆயில்தானே? ஓட்டத்துக்கு ஓட்டம் மட்டம் பார்க்காதவருக்குக் கேன் ஆபத்தானது. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது, உள்ளே கிளட்ச் எரிந்துகொண்டிருக்கும். தங்கிய ஆயிலைத் தானே பெட்டிக்குத் திருப்பி அனுப்பும் கேனும் உண்டு. தடித்த ஒற்றை ஹோஸே அந்த வேலையைப் பாதிக்கு மேல் செய்துவிடுவதால் அதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

ஸ்டேஜிங்கில் கக்கும் காருக்கு மருந்து ஆழமான சம்ப். ஆயில் கூடுவதால் சூடு மெதுவாக ஏறும், அது ஒரு லாபம். பெரிய லாபம், மட்டத்தைச் சுழலும் பாகங்களைவிட்டுத் தள்ளிக் கீழே வைக்க முடிவது. இதைத்தான் பலர் கைநழுவ விடுகிறார்கள். புது சம்ப்பை மாட்டி, பழைய டிப்ஸ்டிக்கின் பழைய குறி வரை நிரப்பினால் டிரம்முக்கும் ஆயிலுக்கும் உள்ள தூரம் முன்பு இருந்ததுதான். டிப்ஸ்டிக்கில் புதிதாகக் குறி போட வேண்டும்.

எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு அந்த 65 டிகிரி சாய்வுதான் எல்லை. லாஞ்சில் ஃபில்டரின் வாய் ஆயிலைவிட்டு வெளியே வந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், லைன் பிரஷர் விழும். ஃபில்டரை புது சம்ப்பின் அடிவரை நீட்டி, வாயைப் பின்பக்கமாக வைத்து, தடுப்புத் தகடும் போட்டால் தாராளமாக இறக்கலாம். முன்சக்கரம் தூக்கும் காரில் தரைக்கும் சம்ப்புக்கும் உள்ள இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். இறங்கும்போது முதலில் அடிபடுவது அதுவாக இருக்கக் கூடாது.

பின்பக்க வென்ட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. லாஞ்சில் ஆயில் குவியும் இடத்திலேயே ஓட்டை போடுவது அது. பின்டயரும் பக்கத்தில். உயரமான ஹோஸோடு கேனில் இணைக்காமல் அதை யாரும் பொருத்தக் கூடாது. அந்த ஹோஸும் கேனும் இருந்தால் முன் வென்ட்டே போதுமே!

ஆக, ஸ்டேஜிங்கில் கக்கினால் முதலில் மட்டமும் சம்ப்பும். பிரேக்கில் மட்டும் கக்கினால் தடித்த ஹோஸும் கேனும் போதும், சம்ப்புக்குச் செலவழிக்கத் தேவையில்லை. மட்டம் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நிறுத்தி வைத்த காரில் கன்வர்ட்டரின் ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிடும், டிப்ஸ்டிக் நிரம்பி வழிவதாகக் காட்டும். ஆயில் சூடாகி, எஞ்சின் ஓடும்போது பாருங்கள். பழைய டார்க்ஃபிளைட் கியர்பாக்ஸில் லீவர் பார்க்கில் இருந்தால் கன்வர்ட்டருக்கு ஆயில் போகாது, நியூட்ரலில் பார்க்க வேண்டும்.

சூடேறாத பெட்டி ஐடிலிலேயே நுரை இல்லாத தெளிந்த ஆயிலைக் கக்கினால் மேலே சொன்ன எதையும் வாங்காதீர்கள். பம்ப்பின் இரு பாதிகள் வளைந்து, பிரஷரில் இருக்கும் ஆயில் வென்ட் அறைக்குள் கசிகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த பெட்டியிலேயே நுரை வந்தால் ஃபில்டரின் ஓ-ரிங். இரண்டுக்குமே பெட்டியைத் திறந்தாக வேண்டும்.