செருப்புப் பெட்டியும் பிழைக் கணக்கு நோட்டும்: பி.பி.ஏ. படிப்பில் ஐந்து செமஸ்டர் பயன்படுத்திய அனுபவம்

2022இல் பி.பி.ஏ. (இளநிலை வணிக நிர்வாகம்) சேர்ந்து 2025இல் முடித்தேன். அந்த மூன்று ஆண்டுகளில் படிப்பதற்கென்று நான் வாங்கியும் கேட்டும் பயன்படுத்திப் பார்த்தவை பல. நிறம் நிறமான ஹைலைட்டர்கள், சீனியர்களிடமிருந்து நகலெடுத்த நோட்ஸ், தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் விற்பனையாகும் கைடுகள், செல்பேசிச் செயலிகள் என்று எல்லாம் வந்தன. பெரும்பாலானவை ஒரு செமஸ்டர்கூடத் தாங்கவில்லை. கடைசித் தாள் எழுதிய நாள்வரை என்னோடு இருந்தவை இரண்டுதான். ஒன்று, கேள்வி அட்டைகளை அடுக்கி வைத்த ஒரு செருப்புப் பெட்டி. மற்றொன்று, தவறாகப் போட்ட கணக்குகளை மட்டும் எழுதிய ஒரு லாங் சைஸ் நோட்டு. இரண்டையும் ஏறக்குறைய ஐந்து செமஸ்டர் நாள்தோறும் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால் அவற்றின் நிறைகளைப் போலவே குறைகளையும் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் படித்தது தமிழ் வழியில், உயிரியல் பாடப்பிரிவு. பற்று எது, வரவு எது என்றுகூடத் தெரியாமல்தான் ஆங்கில வழி பி.பி.ஏ. வகுப்பில் உட்கார்ந்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. அந்த 75இல் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஐந்து, பத்து மதிப்பெண் கேள்விகள் மூன்று. தேர்ச்சி பெற 30 எடுத்தாக வேண்டும். முதல் செமஸ்டரில் கணக்குப்பதிவியல் தாளில் நான் எடுத்தது 28. இரண்டு மதிப்பெண்ணில் அரியர் விழுந்ததைவிட என்னை அதிகம் உறுத்தியது மேலாண்மைக் கோட்பாடுகள் தாள்தான். அந்தப் புத்தகத்தை நான்கு முறை படித்திருந்தேன், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு போட்டிருந்தேன். அப்படியும் ஒரு கேள்விக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் அந்தப் பதில் அச்சாகியிருக்கிறது என்பது மட்டும் நினைவுக்கு வர, பதில் வராமல் உட்கார்ந்திருந்தேன்.

விடுமுறையில் யோசித்தபோது ஒன்று புரிந்தது. பி.பி.ஏ. என்பது ஒரே படிப்பு அல்ல. இரண்டு படிப்புகளைச் சேர்த்துத் தைத்த துணி. மேலாண்மை, சந்தையியல், நிறுவன நடத்தை, வணிகச் சட்டம் ஆகியவை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியவை. கணக்குப்பதிவியல், அடக்கவிலைக் கணக்கியல், புள்ளியியல், செயல்பாட்டு ஆராய்ச்சி ஆகியவை கையால் செய்து பழக வேண்டியவை. இந்த இரண்டுக்கும் ஒரே முறையில் படித்ததுதான் என் தவறு. பெட்டி முதல் வகைக்கு, நோட்டு இரண்டாம் வகைக்கு என்று பிரித்துக்கொண்டேன்.

பெட்டி முறை எனது கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியான் லைட்னர் 1970களின் தொடக்கத்தில் பரப்பிய முறை அது. பெட்டியில் ஐந்து அறைகள் இருக்கும். புதிய அட்டை முதல் அறையில் தொடங்கும். கேள்வியைப் பார்த்து, பின்பக்கத்தைத் திருப்பாமல் பதில் சொல்லிவிட்டால் அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பிவிடும். முதல் அறையை நாள்தோறும், அடுத்ததை ஒரு நாள் விட்டு ஒரு நாள், கடைசி அறையை மாதம் ஒருமுறை என்று நான் வைத்துக்கொண்டேன். அட்டைக்குச் செலவு செய்யவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த கல்யாணப் பத்திரிகைகளில் எழுத்தில்லாத பக்கங்களை நான்காக வெட்டிக்கொண்டேன். வைகாசியும் ஆவணியும் எங்கள் தெருவில் முகூர்த்தத்துக்குக் குறைவில்லாத மாதங்கள் என்பதால் அட்டைக்குப் பஞ்சமே வந்ததில்லை.

முதல் மாதம் அட்டைகளை மோசமாக எழுதினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். மேலாண்மை அறிஞர் ஃபயோலைப் பற்றி "ஃபயோலின் 14 கோட்பாடுகள் யாவை?" என்று ஒரே அட்டையில் எழுதி, பின்னால் பதினான்கையும் அடுக்கினேன். அந்த அட்டை முதல் அறையை விட்டு நகரவே இல்லை. பதினொன்று சொன்னால் அது சரியா, தவறா? அதைக் கிழித்துவிட்டுப் பதினான்கு சிறு காட்சிகளாக எழுதினேன். ஒரு தொழிலாளிக்கு இரண்டு மேலாளர்கள் வெவ்வேறு ஆணையிட்டால் எந்தக் கோட்பாடு மீறப்படுகிறது? ஆணை ஒருமை. ஒரே நோக்கம் கொண்ட விளம்பர வேலைகளை மூன்று துறைகள் தனித்தனித் திட்டத்தோடு செய்தால்? இயக்க ஒருமை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மாணவர் எங்கள் வகுப்பில் அரிது. வேறுபடுத்திக் காட்டுக என்ற கேள்வியும் பழைய தாள்களில் அடிக்கடி தலைகாட்டும்.

பெட்டி முழுமையாகக் கைகொடுத்தது வணிகச் சட்டத்தில்தான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பிரிவு எண்களாக மனப்பாடம் செய்தவர்கள் ஐந்து மதிப்பெண் கேள்வியில் ஒரு சம்பவத்தைக் கொடுத்துத் தீர்வு கேட்டதும் திணறினார்கள். நான் அட்டையின் முன்பக்கத்தில் சம்பவத்தை எழுதினேன்: கல்கத்தாவில் வயது நிரம்பாத ஒருவர் தன் சொத்தை அடமானம் வைத்து வட்டிக்காரரிடம் கடன் வாங்குகிறார், கடன் கொடுத்தவர் அந்தப் பத்திரத்தை வைத்து வசூலிக்க முடியுமா? பின்பக்கத்தில் மோஹரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ், 1903, வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்ற இரண்டே வரி. லால்மன் சுக்லா வழக்குக்கும் அப்படித்தான்: காணாமல்போன பையனைத் தேடிக் கண்டுபிடித்த வேலைக்காரருக்கு, பரிசு அறிவிக்கப்பட்டதே அப்போது தெரியாது என்றால் பரிசு கிடைக்குமா? கிடைக்காது, தெரியாத முன்மொழிவை ஏற்க முடியாது. கதை நினைவில் நின்றால் சட்டம் தானாகப் பின்னால் வரும்.

இந்த முறையில் பழகுவதற்குப் பொறுமை வேண்டும், ஏனென்றால் தொடக்கத்தில் தோற்பது போலவே இருக்கும். புத்தகத்தைத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போன்ற ஒரு நிறைவு வரும். அட்டையை எடுத்தால் தெரியவில்லை என்பது முகத்தில் அறையும். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில் இதைத்தான் கண்டார்கள்: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு மட்டும் படிப்பவர் ஹைலைட்டரை நம்புவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்றுகூட இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் ஐந்து தாள்கள் அடுத்தடுத்து வரும்போது ஐந்து முதல்நாள் இரவுகள் எங்கே கிடைக்கும்?

மூன்றாம் செமஸ்டரில் பெட்டியை விட்டு, இதே அட்டை முறையைச் செல்பேசியில் தரும் ஆன்கி செயலிக்கு மாறினேன். ஆண்ட்ராய்டில் இலவசம், இடைவெளியை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும், பேருந்தில் நின்றுகொண்டே பார்க்கலாம். குறை செயலியில் இல்லை, செல்பேசியில் இருந்தது. பத்து அட்டை பார்ப்பதற்காக எடுத்த செல்பேசியை நாற்பது நிமிடம் கழித்து ரீல்ஸிலிருந்துதான் கீழே வைப்பேன். ஆறு வாரத்தில் பெட்டிக்கே திரும்பினேன். பெட்டிக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை: ஒரு கார்த்திகை மழையில் ஜன்னலோரம் வைத்திருந்த பெட்டி நனைந்து, ஜெல் பேனாவில் எழுதிய சந்தையியல் அட்டைகள் முழுவதும் நீலக் கறையாகிவிட்டன. அதன்பின் பால்பாயின்ட் பேனா மட்டுமே. திரும்ப எழுதியதால் அந்தத் தாளில் மதிப்பெண் கூடியது என்பது வேறு கதை.

இனி நோட்டு. அரியர் தாளுக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவு, இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மொத்தங்கள் சமமா என்று பார்க்கும் பட்டியல்) டேலி ஆகாமல் இரண்டு மணி நேரமாக ஒவ்வொரு பேரேட்டுக் கணக்காகத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்பா அரிசி மண்டியில் கணக்கெழுதுகிறவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சாப்பிட்டுவிட்டு வந்து, என் நோட்டைப் பார்க்காமலேயே கேட்டார்.

"எவ்வளவும்மா இடிக்குது?"

"270 ரூபாய்ப்பா."

"ஒன்பதால போகுதா பாரு."

முப்பது தடவை போனது. "அப்ப எங்கேயோ எண்ணைத் திருப்பிப் போட்டிருக்க. தொகையை மட்டும் பாத்துக்கிட்டு வா" என்றார். நான்காவது வரியில் கிடைத்தது: கடனீந்தோர் ஒருவரின் 5,410ஐ நான் 5,140 என்று எடுத்தெழுதியிருந்தேன். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். ஒன்பதால் வகுபடும் வித்தியாசம் எல்லாமே இந்தத் தவறுதான் என்று சொல்ல முடியாது; ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று அது காட்டும். போகாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை பற்றுக்குப் பதில் வரவில் உட்கார்ந்திருக்கிறதா என்று தேடு என்றும் அப்பா சொன்னார். வகுப்பில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

அன்றுதான் அந்த நோட்டு தொடங்கியது. இடப்பக்கம் நான் போட்ட தவறான படி, அப்படியே. வலப்பக்கம் சரியான படி. அடியில் ஒரு வரியில் ஏன் தவறினேன் என்பது. ஒரு வாரம் கழித்து வலப்பக்கத்தை மூடிவிட்டு அதே கணக்கை மறுபடியும் போட வேண்டும். ஒரு செமஸ்டர் எழுதியபின் புரட்டிப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கணக்கே தெரியாததால் வந்த பிழைகள் சில. பாதிக்கு மேல் சரிக்கட்டுதல்களில், அதாவது ஆண்டு முடிவில் இரண்டு இடங்களில் காட்ட வேண்டிய திருத்தப் பதிவுகளில், வந்தவை. கொடுபட வேண்டிய சம்பளத்தை இலாப நட்டக் கணக்கில் கூட்டிவிட்டு, இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பக்கத்தில் காட்ட மறந்திருப்பேன். அக்டோபர் 1ஆம் தேதி வாங்கிய 60,000 ரூபாய் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் என்றால், மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்பதை விட்டு 6,000 போட்டிருப்பேன். அதே இரண்டு, மூன்று தவறுகள், வெவ்வேறு கடைக்காரர்களின் பெயரில். அதற்குப்பின் கணக்கைப் போடத் தொடங்குமுன் சரிக்கட்டுதல் ஒவ்வொன்றின் அருகிலும் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்து, இரு இடத்திலும் எழுதியதும் ஒவ்வொன்றாக அடித்துவிடுவேன்.

அடக்கவிலைக் கணக்கியலிலும் இப்படியே. ஒரு பொருளின் விற்பனை விலை 50 ரூபாய், மாறும் செலவு 30, நிலையான செலவு 1,00,000 என்றால் லாபமும் நட்டமும் இல்லாத சமநிலைப் புள்ளி 5,000 அலகுகள் என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். 40,000 ரூபாய் லாபம் வேண்டுமானால் எத்தனை அலகு விற்க வேண்டும் என்ற கேள்விக்கு, 40,000ஐ அலகுக்கு மிஞ்சும் 20ஆல் வகுத்து 2,000 என்று எழுதியிருந்தேன்! சரியான விடை 7,000. அந்தப் பக்கத்தின் அடியில் நான் எழுதி வைத்த வரி: "வாடகையை யார் கொடுப்பார்கள்?" நிலையான செலவு தீர்ந்தபிறகுதான் லாபம் தொடங்கும் என்பதை எந்தச் சூத்திரத்தையும்விட அந்த வரிதான் எனக்கு நினைவூட்டியது.

நோட்டின் மற்றொரு பயன் நேரம். மூன்று மணி நேரத்தை 75 மதிப்பெண்ணுக்குப் பிரித்தால் மதிப்பெண் ஒன்றுக்கு 2.4 நிமிடம்; பத்து மதிப்பெண் கணக்குக்கு 24 நிமிடம். இறுதிக் கணக்கு ஒன்றை முடிக்க எனக்கு முதலில் 45 நிமிடம் ஆனது. ஒவ்வொரு கணக்கின் தலையிலும் எடுத்துக்கொண்ட நேரத்தை எழுதத் தொடங்கியபின், தாமதம் கூட்டலில் அல்ல, ஸ்கேலும் பென்சிலும் வைத்துக் கட்டம் போடுவதில்தான் என்று தெரிந்தது. நான்காம் செமஸ்டர் முதல் கட்டங்களைக் கையால் இழுத்தேன். ஒரு மதிப்பெண்கூட அதற்காகக் குறையவில்லை.

இரண்டுமே உதவாத இடங்களும் உண்டு. பத்து மதிப்பெண் விளக்க விடையை ஆங்கிலத்தில் கோவையாக எழுதுவதைப் பெட்டி கற்றுத்தராது. துணுக்குத் துணுக்காகத் தெரிந்ததை மூன்று பக்கமாக்க, பழைய வினாத்தாள் விடைகளை முழுதாக எழுதிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை. செமினார், அசைன்மென்ட், 75 சதவீத வருகைப்பதிவு ஆகியவற்றுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. முன்னேற்றமும் உடனே வராது: அரியர் தாளை இரண்டாம் செமஸ்டரோடு சேர்த்து எழுதி 52 எடுத்தேன், மற்ற தாள்களில் மாற்றம் தெரிய மூன்றாம் செமஸ்டர் ஆனது. நாள்தோறும் பெட்டிக்கு இருபது நிமிடம், நோட்டுக்கு ஒரு கணக்கு. இரண்டு வாரம் விட்டால் முதல் இரண்டு அறைகள் பிதுங்கி, பெட்டியைத் திறக்கவே மனம் வராது. அப்போது பழையதைத் தீர்க்க முயலாமல் நாளுக்கு முப்பது அட்டை என்று வரம்பு வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரிப்பட்டது.

எதிர்வீட்டுப் பெண் பி.பி.ஏ. சேர்ந்திருக்கிறாள், "அக்கா, அந்தப் பெட்டி சும்மாதானே கிடக்குது?" என்று கேட்டாள். கொடுப்பதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து அட்டைகளைச் சலித்தேன். ஒப்பந்தச் சட்டம், மேலாண்மை, சந்தையியல் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். வருமான வரி அட்டைகளை மட்டும் மொத்தமாக எடுத்துவிட்டேன். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. வருமானம் ஈட்டிய முந்தைய ஆண்டு எது, அதற்கு வரி கணக்கிடும் மதிப்பீட்டு ஆண்டு எது என்று நான் மாதக்கணக்கில் முதல் அறையிலேயே வைத்துத் தடுமாறிய அட்டைக்கு இனி வேலை இல்லை, புதிய சட்டத்தில் வரி ஆண்டு என்ற ஒன்றுதான். நோட்டைக் கொடுக்கவில்லை. அவள் தவறுகளை அவள்தான் எழுத வேண்டும். புதிதாக ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 270 என்று மட்டும் எழுதிப் பெட்டியோடு வைத்தேன்.