யோஸ்டா உள்ளே வருகிறார்: ஒரு பழைய ஸ்வீடிஷ் இசைத்தட்டு

ஸ்வீடனின் மால்மோ நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். கூட வேலை பார்க்கும் ஒருத்தி, "அப்பாவோடது, பத்திரம்" என்று சொல்லி ஓர் இசைத்தட்டைக் கொடுத்தாள். குழுவின் பெயர் பிலேமோன் ஆர்தர் அண்ட் த டங், 1972, சைலன்ஸ் நிறுவன வெளியீடு. பாடுகிறவர்கள் மால்மோ இருக்கும் ஸ்கோனே மாகாணத்து நண்பர்கள் இருவர். புனைபெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று அவர்கள் இன்றுவரை வெளியே சொன்னதில்லை.

வீட்டிலேயே பதிவு செய்த பாட்டுகள். தாளத்துக்குக் கையில் அகப்பட்டதைத் தட்டியிருக்கிறார்கள். சுருதி சேரவே இல்லை. முதல் பக்கம் முடிவதற்குள் எனக்குத் தலை வலித்தது. ஆனாலும் மறுநாள் திரும்பப் போட்டேன், 'இன் கொம்மர் யோஸ்டா' என்ற ஒரே பாட்டுக்காக.

'யோஸ்டா உள்ளே வருகிறார்' என்பதுதான் அதற்கு அர்த்தம். ஜி எழுத்தில் தொடங்கும் பெயர், ஆனால் ய என்றுதான் சொல்ல வேண்டும். மொழி வகுப்பில் அதற்கே ஒரு வாரம் திட்டு வாங்கினேன். இரண்டு வருஷம் படித்த பிறகும் ஸ்வீடிஷ் பாட்டு எதுவும் எனக்கு முழுசாகப் பிடிபட்டதில்லை. இது அகராதியைத் தொடாமலே புரிந்தது. ஒருத்தர் வருகிறார், அவ்வளவுதான் விஷயம். எங்கள் இல்லத்தில் மூன்று மணி காபிக்கு ஒரு தாத்தா வருவார். முதலில் வாக்கர் சக்கரம் கிறீச்சிடும், அப்புறம் அவர் தலை தெரியும், மேஜையில் இருக்கும் அத்தனை பேரும் திரும்புவார்கள். அந்த வருகைக்கு ஒரு பாட்டு வேண்டாமா? இவர்கள் கட்டியிருக்கிறார்கள்.

உச்சரிப்பும் அசல் ஸ்கோனே. ர-வை நம்மைப் போல நாக்கு நுனியில் உருட்டாமல் தொண்டைக்குள் உரசுவார்கள். தினமும் வேலையில் கேட்கிற அதே ர பாட்டில் வந்தபோது மனசுக்கு நெருக்கமாகிவிட்டது.

1972-க்கான சிறந்த குழு என்று இவர்களுக்கு ஸ்வீடனின் இசை விருதான கிராமிஸ் கொடுத்தார்கள். பெரிய சச்சரவாகி, அந்த விருதே 1987 வரை நின்றுபோனது. கொடுத்தது சரிதான் என்பேன். சுத்தமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய பேர் இருந்திருப்பார்கள். யோஸ்டாவைக் கவனித்தவர்கள் இவர்கள்தான்.

நல்ல பதிவுத் தரம் எதிர்பார்ப்பவர்கள் வாங்க வேண்டாம். ஒரே மூச்சில் முழுவதும் கேட்காதீர்கள், இரண்டு மூன்று பாட்டு போதும். இயர்போனும் வேண்டாம். அடுப்பில் ஏதாவது கொதிக்கும்போது ஸ்பீக்கரில் போடுங்கள். பாத்திரச் சத்தமும் அதோடு கலந்துகொள்ளும்.