ஈபி கேரமண்ட்: தாளுக்காகவே பிறந்த எழுத்துரு

ஓர் எழுத்துருவை எடைபோட அதன் மாதிரிப் பக்கம் போதாது; இருநூறு பக்கமாவது அதில் கோத்து, அச்சடித்து, மெய்ப்புத் திருத்திப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியவரும். ஈபி கேரமண்டில் மூன்று ஆங்கில நூல்களைக் கோத்து முடித்த பிறகே இதை எழுதுகிறேன். தொடர்ச்சியான உரைநடையை, படிக்கும் அளவில், தாளில் அச்சிடுவதற்கு இதைவிட நல்ல இலவச செரிஃப் (கோடுகளின் முனையில் சிறு நீட்டல் கொண்ட) எழுத்துரு எதையும் நான் கையாண்டதில்லை. அந்த வேலையை விட்டு வெளியே வந்தால் இது தடுமாறுகிறது.

கேரமண்ட் என்ற பெயரில் எழுத்துருக்கள் பல உண்டு. எல்லாம் ஒரே வமிசம் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் பாரிசில் அச்சுக்கான உலோக எழுத்துகளை வெட்டிய க்ளோட் கேரமண்ட் 1561இல் இறந்தார். இருபதாம் நூற்றாண்டில் அவர் பெயரைத் தாங்கி வந்த எழுத்துருக்களில் பலவற்றுக்கு மூலம், அவருக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் ழான் ஜன்னோன் வெட்டிய எழுத்துகளே என்பதை 1926இல் அச்செழுத்து வரலாற்றை ஆராய்ந்த பியாட்ரிஸ் வார்ட் எடுத்துக்காட்டினார். (அந்தக் கட்டுரையை அவர் பால் போஜோன் என்ற ஆண் பெயரில் வெளியிட்டார் என்பது தனிக்கதை.) நாம் பேசும் எழுத்துருவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பெயரிலுள்ள ஈ, பி ஆகிய இரண்டும் எகனோல்ஃப், பெர்னர் என்பவற்றின் முதலெழுத்துகள். பிராங்பர்ட்டில் எகனோல்ஃபின் அச்சகத்தை நடத்திய கொன்ராட் பெர்னர் 1592இல் வெளியிட்ட மாதிரித் தாளே இதற்கு மூலம். நேரெழுத்து கேரமண்டுடையது, சாய்வெழுத்து அதே நூற்றாண்டில் எழுத்து வெட்டிய ரோபேர் கிரான்ஜோனுடையது. எழுத்துரு வடிவமைப்பாளர் கேயார்க் டுஃப்னர் இதை 2011இல் திறந்த உரிமத்தில் வெளியிட்டார். பின்னர் ஒக்டாவியோ பார்டோ இதைத் தொடர்ந்து, நடுத்தரத்திலிருந்து மிகத் தடித்த வடிவம் வரை சேர்த்தார்.

ஆங்கிலச் சிற்றெழுத்து ‘e’யைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் கண், அதாவது மேலே மூடிய வெற்றிடம், மிகச் சிறியது. குறுக்குக் கோடு வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்கிறது. ‘a’யின் வயிற்றுப் பகுதியும் அப்படியே ஒடுங்கியிருக்கிறது. சிற்றெழுத்துகளின் உடல் தாழ்ந்தும், ‘b’, ‘d’ போன்றவற்றில் மேலே நீளும் தண்டுகள் உயர்ந்தும் இருப்பதால், வரிகளுக்கு நடுவே வெள்ளை தாராளமாகக் கிடைக்கிறது. செரிஃபுகள் தண்டிலிருந்து வளைந்து இறங்குகின்றன. தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வேறுபாடு மிதமானது. தனித்தனியாகப் பார்த்தால் சில எழுத்துகள் கொஞ்சம் கோணல்தான். பக்கம் முழுக்க நிறைந்த பிறகு அந்தக் கோணல் மறைந்து, சீரான சாம்பல் நிறம் மட்டும் மிஞ்சுகிறது. நூறு பக்கம் படித்தபின்னும் கண் சலிக்காததற்கு இதுவே காரணம் என்பேன்.

தாழ்ந்த சிற்றெழுத்துக்கு ஒரு விலை உண்டு. மற்ற எழுத்துருவில் 10.5 பாயிண்டில் (பாயிண்ட் என்பது எழுத்தளவின் அலகு) கோத்துப் பழகியவர் இதிலும் அதையே வைத்தால், பக்கம் பொடி எழுத்தாகத் தெரியும். நான் 11.5 பாயிண்டுக்கு 14.5 பாயிண்ட் வரியிடை வைக்கிறேன். அதனால் பக்கங்கள் கூடும்; நூலின் பக்க எண்ணிக்கையைப் பதிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்வது நலம்.

சின்ன அளவில் நிலைமை வேறு. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனியாக வெட்டினார்கள். சிறிய அளவுக்கு வெட்டும்போது எழுத்தை அகலப்படுத்தி, மெல்லிய கோட்டைத் தடிப்பாக்கி, இடைவெளியைக் கூட்டினார்கள். டுஃப்னர் இதை உணர்ந்து 8 பாயிண்டுக்கும் 12 பாயிண்டுக்கும் வெவ்வேறு வடிவங்கள் வரைந்தார். இன்று கூகுள் எழுத்துரு நூலகத்தில் பரவலாகக் கிடைக்கும் பதிப்பில் 12 பாயிண்டு வடிவத்தின் வழிவந்தது மட்டுமே உள்ளது. ஐந்து தடிமன்கள் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே, ஆனால் அவற்றுக்குப் பதிலாக அந்த 8 பாயிண்டு வடிவம் ஒன்று போதும் என்று தோன்றுகிறது. இரண்டாம் நூலில் அடிக்குறிப்புகளை இந்தப் பதிப்பிலேயே 8 பாயிண்டில் வைத்தேன். மெய்ப்பில் ‘e’யின் கண்கள் பாதி அடைபட்டிருந்தன. பழி எழுத்துருவுக்கு இல்லை, என் அவசரத்துக்கே.

திரையில் இது எனக்கு ஒருபோதும் ஒத்துவரவில்லை. நெருக்கமான புள்ளிகள் கொண்ட திரையில் சமாளிக்கலாம். சாதாரணத் திரையில் மெல்லிய கோடுகள் வெளிறிவிடுகின்றன. படிவம், அட்டவணை, விலைப்பட்டியல் போன்றவற்றுக்கும் வேண்டாம்.

மற்றபடி கொடை அதிகம். சிறிய அளவிலான பேரெழுத்துகள், வரிக்கு மேலும் கீழும் ஏறி இறங்கும் பழைய பாணி எண்கள், கூட்டெழுத்துகள், கிரேக்கம், சிரிலிக் எல்லாம் உள்ளன. 1592 என்ற ஆண்டு உரைநடையின் நடுவே வரும்போது பழைய பாணி எண்ணில் வைத்துப் பாருங்கள். வரியின் மேல் துருத்தாமல் சொற்களோடு சொல்லாக அடங்கிவிடும். ஆனால் இவற்றை மென்பொருளின் ஓப்பன்டைப் அமைப்பில் (எழுத்துருவின் சிறப்பு வடிவங்களைத் தேர்ந்தெடுக்கும் இடம்) நாமே இயக்க வேண்டும்; பலர் அந்தப் பக்கமே போவதில்லை. திறந்த உரிமம் என்பதால் நூலில் பதித்து விற்கலாம், வடிவத்தைத் திருத்தவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது.

இப்போது நான்காவது நூலைக் கோத்துக்கொண்டிருக்கிறேன். உரைக்கு ஈபி கேரமண்ட்தான். அடிக்குறிப்புக்கு மட்டும் டுஃப்னரின் பழைய கோப்பைத் தேடி எடுத்து அந்த 8 பாயிண்டு வடிவத்தை வைத்திருக்கிறேன். மெய்ப்பில் கண்கள் திறந்திருக்கின்றன.