வீட்டுச் சாமானை வண்டியில் ஏற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆடியில் நம் பக்கம் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். தள்ளிப்போட்டதெல்லாம் ஆவணி முதல் முகூர்த்தங்களில் வந்து குவியும். வண்டி கிடைப்பதே பெரும்பாடு. இந்த நெருக்கடியை வைத்தே பணம் பறிக்கும் ஆட்களிடம் என் சித்தி மாட்டிக்கொண்டார். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் வீடு மாறப் போகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

சித்தி ரிட்டயர்டு டீச்சர். சித்தப்பா போன பிறகு மயிலாடுதுறையில் தனியாக இருந்தவர், மகளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று தஞ்சாவூரில் வீடு பார்த்தார். தூரம் 70 கிலோமீட்டர் சொச்சம். கூகுளில் தேடிப் பிடித்த ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர் 14 அடி மூடிய வண்டி, நாலு ஆள், பேக்கிங், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் என்றார். அட்வான்ஸ் 3,000 ஜிபேயில் வாங்கினார். பணம் போய்ச் சேர்ந்தது நிறுவனத்தின் பெயருக்கு இல்லை, யாரோ ஒரு தனியாளின் பெயருக்கு.

காலை ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி பத்துக்கு மேல் வந்தது. திறந்த வண்டி, தார்ப்பாய் கிடையாது, இரண்டே ஆட்கள். வெள்ளிக்கிழமை, ராகு காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்டால், "எங்களைக் காலையிலதான் கூப்பிட்டாங்க சார், பேக்கிங் எல்லாம் எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். அதாவது போனில் பேசியவர் வெறும் புரோக்கர். வண்டி வேறொருவருடையது, லோடுமேன்கள் அன்றன்றைக்குக் கிடைக்கிறவர்கள். மூன்று பேரில் யாரும் எதற்கும் பொறுப்பில்லை. நானும் தங்கச்சி வீட்டுக்காரரும் பாத்திரங்களைப் பழைய புடவையில் சுற்றி, அட்டைப்பெட்டி தேடி அலைந்து, பீரோவுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்து ஏற்றி முடித்தபோது மதியம் தாண்டிவிட்டது.

அதோடு விட்டார்களா? கும்பகோணத்தில் வண்டியை நிறுத்தி இன்னொரு வீட்டு பீரோவையும் கட்டிலையும் நம் சாமான் மேலேயே ஏற்றினார்கள். பைக்கில் பின்னால் வந்த நான் சத்தம் போட்டதற்கு, "ஓனர்கிட்ட பேசுங்க" என்று பதில். ஓனரின் போன் ஸ்விட்ச் ஆஃப். பாபநாசம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மெத்தை, தலையணை எல்லாம் தெப்பலாக நனைந்தன.

தஞ்சாவூர் வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகு போன் உயிர் பெற்றது. சாமான் சொன்னதைவிட அதிகமாம், மாடிக்குத் தனியாம், பேக்கிங் மெட்டீரியல், இன்சூரன்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் தனியாம். மொத்தம் 23,500, அட்வான்ஸ் போக 20,500 உடனே வேண்டும், இல்லையென்றால் ஒரு சாமான் இறங்காது என்றார்கள். சுற்றுவதற்குப் புடவை கொடுத்ததே நாங்கள்தான். அதற்கும் வாய் கூசாமல் பில். சித்திக்கு விளக்கு வைக்கும் நேரத்துக்குள் புது வீட்டில் விளக்கேற்றிவிட வேண்டும். விளக்கு வண்டிக்குள் இருக்கிறது. "கேக்குறதைக் குடுத்துடுப்பா தம்பி, வெள்ளிக்கிழமை வாசல்ல நின்னு சண்டை வேண்டாம்" என்று கண் கலங்கினார். இந்த இடத்தில்தான் அவர்கள் ஜெயிக்கிறார்கள்.

100-க்கு அடித்தோம். வந்த போலீஸ்காரர் டிரைவரிடம் லைசென்ஸ், ஆர்சி, ஏற்றிய சரக்குக்கு ரசீது கேட்டார். கடைசி ஒன்று இல்லவே இல்லை. தொகை சட்டென்று 13,000-க்கு இறங்கியது. மறுபடி தூறல் போடவே கொடுத்து இறக்கினோம். பேசியபடி பாக்கி 8,000தான், ஆக 5,000 ரூபாய் அநியாயமாகப் போனது.

பணத்தைவிட வயிறு எரிவது வேறு. சித்தி கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்த தஞ்சாவூர் ஓவியம், ஆலிலைக் கிருஷ்ணர். அதைப் படுக்கவைத்து மேலே கிரைண்டரை ஏற்றியிருந்தார்கள். கண்ணாடி நொறுங்கி, சுண்ணக் கலவையில் புடைப்பாக இழைத்திருந்த மாலை, ஒட்டிய தங்கரேக்கோடு பெயர்ந்து பிரேமுக்குள் துகளாகக் கிடந்தது. சித்தி அந்தத் துகளையெல்லாம் ஒரு குங்குமச் சிமிழில் பொறுக்கி வைத்திருக்கிறார்.

சாமான் அவர்கள் வண்டியில் ஏறிவிட்டால் நம் பேச்சு எடுபடாது. அதனால் எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஆள் நேரில் வந்து சாமானைப் பார்க்காமல் சொல்லும் ரேட்டை நம்பவே நம்பாதீர்கள். என்னென்ன சேர்ந்தது என்று எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி எண் கேளுங்கள்: 15 இலக்கம், தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட் இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் சொந்த உபயோக வண்டி, வாடகைக்கு ஓட்டக் கூடாது. ஏற்றும் முன் ஒவ்வொரு சாமானையும் வண்டி நம்பரோடு போட்டோ எடுத்துவிடுங்கள். ஓவியம், நகை, பத்திரம் இவற்றை எவ்வளவு சிரமமானாலும் கையோடு காரில் கொண்டுபோய்விடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்ஆப் பேச்சு, ஜிபே ஸ்கிரீன்ஷாட் எதையும் அழித்துவிடாதீர்கள். சித்தியின் வழக்குக்கு இப்போது அவைதான் ஆதாரம். தஞ்சாவூர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்று. சித்தியின் நாச்சியார்கோவில் குத்துவிளக்கில் உச்சியில் திருகும் அன்னம் அந்த வண்டியிலேயே தொலைந்துவிட்டது. தண்டும் தட்டும் பத்திரமாக இருக்கின்றன. பழைய மரைக்குப் பொருந்துகிற மாதிரி அன்னத்தை மட்டும் வார்த்துக் கொடுக்கும் பட்டறை நாச்சியார்கோவிலில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஓவியத்தை நம்பிக் கொடுத்துச் சரிசெய்யக்கூடிய ஆள் தஞ்சாவூரில் இருந்தாலும் சொல்லுங்கள்.